ஐந்து மணிப் படகு

நதி அகலமாகிறது என்பதை முதலில் கண்டுகொண்டவர் லாவ் துவான். மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குப் பதினெட்டு நிமிடத்தில் போய்ச் சேர்கிற பயணிகள் படகு ஒருநாள் இருபது நிமிடம் எடுத்துக்கொண்டது, மறுவாரம் இருபத்தைந்து. அவர் யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் சொன்னால் முதலில் எஞ்சினைக் கழற்றிப் பார்ப்பார்கள், எஞ்சினில் ஒன்றுமில்லை என்றால் ஓட்டுகிறவனைக் கழற்றிப் பார்ப்பார்கள், இருபத்தாறு வருடம் படகு ஓட்டியவருக்கு அது தெரியும். அடுத்துக் கண்டுகொண்டவர்கள் நீச்சல்காரர்கள், இடுப்பில் ஆரஞ்சு நிறக் காற்றுப்பையைக் கட்டிக்கொண்டு காலையில் நதியைக் குறுக்காக நீந்தி அக்கரையில் டீ குடித்துவிட்டுப் படகில் திரும்புகிற, ஓய்வுபெற்ற உருக்காலைத் தொழிலாளிகள், அவர்களும் சொல்லவில்லை, வயதாகிவிட்டது என்று ஆளாளுக்குத் தனியாக நினைத்துக்கொண்டு, மூச்சு வாங்குவதை ஒருவருக்கொருவர் மறைத்தபடி, ஒருவர் பின் ஒருவராக நீந்துவதை நிறுத்திக்கொண்டார்கள். நகரம் மூன்றாவதாகத்தான் கண்டுகொண்டது, அப்போது படகுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது.

லாவ் என்பது அந்த ஊரில் நன்கு பழகிய, வயதில் மூத்த ஆணின் குடும்பப் பெயருக்கு முன்னால் போடுகிற ஒட்டு. லாவ் துவான் என் முன்னாள் கணவர். நடுச்சீனத்தில் யாங்சி நதியின் இரண்டு கரையையும் பிடித்துக்கொண்டு புகைக்கூண்டுகளும் பாரந்தூக்கிகளுமாகக் கிடக்கிற அந்த உருக்கு நகரத்தில், உடுமலைப்பேட்டையில் தமிழில் படித்து அங்கே போய்ச் சீனத்தில் படித்தவளாகிய நான், கோயம்புத்தூர் பம்ப்செட் கம்பெனிக்காரர்களுக்கும் அந்த ஊர் வார்ப்படச் சாலைக்காரர்களுக்கும் நடுவே நின்று மொழிபெயர்த்துப் பதினொரு வருடம் வாழ்ந்தேன். அங்கே கல்யாணம் செய்துகொண்டேன், நிங் என்று ஒரு மகளைப் பெற்றேன், அவளுக்கு ஏழு வயதானபோது என் அப்பாவுக்குப் பக்கவாதம் என்று போன் வந்ததால் பத்து நாளில் திரும்பி வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பத்து வருடம் வரவில்லை. முதல் இரண்டு வருடத்துக்கு அப்பா காரணம், பிறகு அவர் இல்லாமல் போனது காரணம், பிறகு விசா, பிறகு கூரியரில் வந்த விவாகரத்துக் காகிதம், அதற்குப் பிறகு காரணமே தேவைப்படாத அளவுக்கு நாட்கள் தாமாகவே சேர்ந்துகொண்டன. வாரம் ஒருமுறை போன் திரையில் நிங்கின் முகத்தைப் பார்ப்பேன். நான் எதைச் சொன்னாலும் அவள் "பாக்கலாம்" என்பாள்.

ஐப்பசியில் தொடங்கிய அகலம் தையில் இரண்டு மணி நேரமாகி, சித்திரையில் மூன்று மணி நேரத்தைத் தொட்டது. நீர்வழி அலுவலகத்தார் வந்து அளந்தார்கள். கம்பி கட்டி அளந்தார்கள், ஒளிக்கதிர் பாய்ச்சி அளந்தார்கள், வானத்திலிருந்து படம் எடுத்து அளந்தார்கள், எப்படி அளந்தாலும் ஆயிரத்து நூறு மீட்டர்தான் வந்தது, அதுதான் ஆதியிலிருந்து அந்த இடத்தில் நதியின் அகலம். ஆகவே நதி அகலமாகவில்லை என்று அலுவலகம் எழுதிக் கொடுத்தது, அந்தக் காகிதத்தைப் படகுத்துறையில் கண்ணாடி போட்டு மாட்டினார்கள், மூன்று மணி நேரப் படகுக்குக் காத்திருக்கிறவர்கள் அதன் முன்னால் நின்று தலை சீவிக்கொண்டார்கள்.

பாலமும் கூடவே நீண்டது. ஒவ்வொரு காலையிலும் ஒரு புதிய தூண் நின்றது, மற்றத் தூண்களுக்கு இருந்த அதே துரு, அதே பாசி, அதே வயது. பாலத்துக்குப் பெயிண்ட் அடிக்கிற குழுவினர் மேலும் பெயிண்ட் கேட்டார்கள், எதற்கு என்று யாரும் கேட்காமல் கொடுத்தார்கள். லாரிகள் பாலத்தின் மேல் நாள்கணக்கில் நகர்ந்தன, நடுப்பாலத்தில் ஒருவர் பூண்டு நட்டு அறுவடையும் செய்துவிட்டார். நதிக்கு அடியில் போகும் மெட்ரோ ஒருநாள் உள்ளே போய் மறுநாள் வெளியே வந்தது, இறங்கியவர்கள் சற்றே வெளுத்திருந்தார்கள், அதன் பிறகு பராமரிப்பு வேலை என்று அதை மூடிவிட்டார்கள்.

படகு மட்டும் ஓடியது. அந்த ஊர்க்காரர்கள் காலைச் சாப்பாட்டை வீட்டில் சாப்பிடுவதில்லை, எள் விழுது பிசைந்த சூடான நூடுல்ஸைக் காகிதக் கிண்ணத்தில் வாங்கி நடந்துகொண்டே, பஸ்ஸில் தொங்கிக்கொண்டே, யாரையாவது திட்டிக்கொண்டே சாப்பிடுவார்கள், இப்போது அந்தக் கிண்ணம் தண்ணீரின் மேல் ஏறிக்கொண்டது. நூடுல்ஸ் போடுகிற ஹூ அக்கா தன் அடுப்பைப் படகின் கீழ்த்தளத்துக்கு மாற்றினார், அவர் பக்கத்தில் முடிவெட்டுகிறவர் வந்தார், மேல்தளத்தில் மஜாங் விளையாடுகிற நான்கு மேசைகள் வந்தன. உருக்காலையின் காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் கிழக்குக் கரையில் இறங்கும்போது ஷிப்டு பாதி முடிந்திருக்கும், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த படகில் திரும்புவார்கள், நாள் முழுக்கத் தண்ணீரின் மேல் இருந்ததையே வேலை செய்த களைப்பாக ஏற்றுக்கொண்டு தூங்கினார்கள். ஒரு கரையில் கணவனும் மறு கரையில் மனைவியுமாக வேலை பார்த்தவர்களில் சிலர் பிரிந்தார்கள், அதைவிட அதிகம் பேர் படகிலேயே சண்டையை ஆரம்பித்துப் படகிலேயே தீர்த்துக்கொண்டார்கள், மூன்று மணி நேரம் இறங்கிப்போக வழியில்லை என்பதால்.

படகு ஓட்டிகளுக்குத்தான் கஷ்டம். நதி நடுவில் இரண்டு கரையும் தெரியாது. ஜிபிஎஸ் திரையில் நதி பழைய அகலத்திலேயே இருந்ததால், கிளம்பிய இருபதாவது நிமிடத்தில் படகு கிழக்குக் கரையில் ஏறி ஒரு செருப்புக்கடை வாசலில் நிற்பதாகக் காட்டும், அதற்குப் பிறகு படகு நகர நகர அது கட்டடங்களுக்குள்ளே போய்க்கொண்டிருக்கும், லாவ் துவான் அந்தத் திரை மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டார். எனவே ஓட்டிகள் தங்களுக்குள் ஒரு வழக்கம் செய்துகொண்டார்கள். நடுநதியில் படகு இரண்டு தடவை ஹாரன் அடிக்கும். அக்கரைத் துறையிலிருந்து ஒரு நீண்ட ஹாரன் பதில் சொல்லும். பதில் வந்த திசைக்கு மூக்கைத் திருப்ப வேண்டியது. கால் மணிக்கு ஒருமுறை கேட்பதும் பதில் சொல்வதுமாக ஆறு மாதம் ஒரு விபத்தும் இல்லாமல் ஓடியது, இந்த வழக்கத்தை யாரும் எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை, எழுதினால் நதி அகலமாகிவிட்டது என்று எழுத வேண்டியிருக்கும்.

ஜூன் ஏழாம் எட்டாம் தேதிகளில் அந்த நாட்டில் கல்லூரி நுழைவுத் தேர்வு. பதினெட்டு வயதுப் பிள்ளை ஒன்று அந்த இரண்டு நாளில் எழுதுவதுதான் அதன் மீதி வாழ்க்கை என்று அங்கே எல்லோரும் நம்புகிறார்கள், நம்பாதவர்களும் அந்த இரண்டு நாள் நம்புகிறார்கள். நகரம் வாயைப் பொத்திக்கொள்ளும். பாரந்தூக்கிகள் நிற்கும், உருக்காலைச் சங்கு ஊதாது, காரோ படகோ ஹாரன் அடிக்கக்கூடாது, பள்ளிக்கூடக் குளத்துத் தவளைகளைக்கூட முந்தின நாளே வலைபோட்டுப் பிடித்து வேறு குளத்தில் விட்டுவிடுவார்கள். எழுதுகிற பிள்ளையிடம் கெட்ட செய்தி எதுவும் சொல்லமாட்டார்கள், வீட்டில் சாவு விழுந்திருந்தாலும் கடைசிப் பேப்பர் முடிகிற வரை இறந்தவர் வெளியூர் போயிருப்பதாகத்தான் சொல்வார்கள். முதல் நாள் காலையில் அம்மாக்கள் சிவப்பு உடுத்திக்கொண்டு பள்ளி வாசலில் நிற்பார்கள், பிள்ளை உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்தால் சிவப்பு தெரிய வேண்டும்.

"நீயும் சிவப்புல வந்து நில்லு," என்றாள் நிங், மார்ச் மாதம், போனில். பத்து வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் காரியம்.

"வந்துடறேன்."

"பாக்கலாம்."

விசா ஜூன் நான்காம் தேதிதான் கையில் கிடைத்தது. நிங்கின் குடும்பப் பதிவு கிழக்குக் கரையில், பழைய உருக்காலைக் குடியிருப்பில் இருந்ததால் அவளுடைய தேர்வு மையமும் அங்கேதான், ஆனால் அவள் வசித்தது மேற்குக் கரையில், படகு ஊழியர் விடுதியில், அப்பாவோடு. விமான நிலையமும் மேற்குக் கரையில்தான். புத்தியுள்ள குடும்பங்கள் ஒரு வாரம் முன்னாலேயே கிழக்கே போய்ச் சொந்தக்காரர் வீடுகளில் தங்கிவிட்டன. நிங் போகவில்லை. அவளுடைய வகுப்பாசிரியை போன் செய்து கெஞ்சினாராம், அப்பா திட்டினாராம், அவள் அசையவில்லை, அம்மா வரட்டும் என்று ஒரே பதில். நான் ஆறாம் தேதி சாயங்காலம் வந்து இறங்கியபோது கடைசிப் படகு போயிருந்தது, நதி அகலமான பிறகு இருட்டில் படகு விடுவதில்லை.

"காலைல அஞ்சு மணிப் படகு," என்றார் லாவ் துவான், என் பெட்டியை வாங்கிக்கொண்டே, பத்து நாள் கழித்து வந்தவளிடம் பேசுகிற மாதிரி. "எட்டு மணிக்கு அக்கரை. ஒம்போதுக்குப் பரிட்சை. ஒம்போதே காலுக்கு கேட்ட மூடுவாங்க. நெறைய நேரம் இருக்கு."

நிங் என்னைவிட உயரமாக இருந்தாள். என் பையைத் திறந்து, சிவப்புச் சேலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, திரும்ப மூடினாள்.

ஏழாம் தேதி விடிந்தபோது தூறிக்கொண்டிருந்தது, மழைக்காலத்துக்கு முன்னால் அங்கே விழுகிற, புகையா தண்ணீரா என்று சொல்லமுடியாத தூறல். ஐந்து மணிப் படகில் தேர்வு எழுதுகிற பிள்ளைகள் நாற்பத்தொரு பேர் ஏறினார்கள், ஒவ்வொருவருக்கும் முன்னதாகப் போகாமல் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. அவர்களோடு சிவப்பு கவுன் போட்ட அம்மாக்கள், இரண்டு மூன்று அப்பாக்கள், அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு ஹூ அக்கா.

"இதென்னம்மா, ஆறு கெஜமா?" என்று என் சேலையைத் தொட்டுப் பார்த்தார் அவர். "உள்ள இன்னொரு புள்ளையவும் ஒளிச்சு வெச்சிருக்கியா?"

"ஒண்ணுக்கே வழியக் காணோம்," என்றேன்.

"சாப்பிடு மொதல்ல. பயத்த வெறும் வயித்துல வெச்சுக்கக் கூடாது."

ஆறரைக்கு நதி நடுவில் இருந்தோம். லாவ் துவானின் கை மேலே போய் ஹாரன் கயிற்றைத் தொட்டதை, தொட்டபடியே நின்றதை, பிறகு சும்மா கீழே வந்ததை நான் ஓட்டும் அறையின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முப்பது வருடமாக அதே சுற்றறிக்கையைத் தேதியை மட்டும் மாற்றி அனுப்புகிறார்கள், இந்த வருடமும் தேதியை மாற்றி அனுப்பியிருந்தார்கள், காலை ஆறு முதல் இரவு எட்டு வரை நதியிலும் சாலையிலும் ஹாரன் கிடையாது, எல்லோரும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள், லாவ் துவானும் போட்டிருந்தார், அக்கரைத் துறைக்காரரும் போட்டிருந்தார், போடும்போது அந்த நகரத்தில் ஒருவருக்குக்கூட இந்தக் காலை நினைவுக்கு வரவில்லை. அமைதி அவர்களுக்கு அவ்வளவு பழகியிருந்தது.

ஏழு மணிக்குப் படகு எந்தப் பக்கம் போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஏழரைக்கு, மிதந்துபோன ஒரு உடைந்த கூடையை இரண்டாவது தடவை பார்த்தோம். எட்டு மணிக்குப் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டார்கள். எட்டே காலுக்கு லாவ் துவான் எஞ்சினைக் குறைத்தார், தூறல் படகின் தகரக் கூரையில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது, நாற்பத்தொரு பிள்ளைகளும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலாபக்கமும் பார்த்தார்கள், நாலாபக்கமும் ஒரே வெள்ளை.

நான் ஓட்டும் அறைக்குள் போனேன்.

"ஹாரன் அடி."

"முடியாது, பூங்கொடி."

"கரை தெரியல."

"தெரியல. ஆனா பக்கத்துலதான் இருக்கும். பக்கத்துல இருந்தா இன்னும் தப்பு. அங்க பன்னெண்டாயிரம் புள்ளைங்க. இங்க நாப்பத்தொண்ணு."

"அதுல ஒண்ணு உன்னுது."

"அதனாலதான் நான் தொடக்கூடாது," என்றார். அவர் நெற்றியிலிருந்து வேர்வை புருவத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. "வேற எவன் புள்ளைக்காகவாவது இருந்தா ஒருவேளை அடிச்சிருப்பேன்."

வாசலில் அம்மாக்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி அடிக்கச் சொன்னாள். இன்னொருத்தி, தன் மூத்த பையன் போன வருடம் எழுதும்போது வெளியே எவனோ ஒருத்தன் ஹாரன் அடித்ததில் கணக்கு ஒன்று விட்டுப்போய்விட்டது, அதனால்தான் அவன் இன்று லாரி கழுவுகிறான் என்று அழுதாள். அவர்களை விலக்கிக்கொண்டு நிங் வந்தாள்.

"வேண்டாம்மா," என்றாள். "நான் உள்ள உக்காந்து எழுதிட்டு இருக்கறப்ப எவனாவது அடிச்சிருந்தா அவன நானே கொன்னிருப்பேன். எங்க கிளாஸ் முழுக்க அங்க இருக்கு."

"நேரம் போகுது."

"போகட்டும். நான்தான காத்திருந்தேன். என் தப்பு."

அவள் அதைக் கோபமில்லாமல் சொன்னாள். உன்னை நம்பிக் காத்திருந்தேன், அது என் தப்பு. யாரும் யாரையும் திட்டாத அந்த அறையில் என் காது மட்டும் எரிந்தது. அந்த ஊரில் பிறந்து அந்த ஊரின் மரியாதைக்குள் வளர்ந்த அவர்கள் இருவரும் அந்தக் கயிற்றைத் தொடமாட்டார்கள், தொடாததில் ஒரு நியாயம் இருந்தது, அந்த நியாயத்தில் எனக்கு மட்டும் பங்கில்லை. நான் கையைத் தூக்கிக் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். விட்டேன். மறுபடி இழுத்தேன்.

ஆறு மாதத்தில் ஆயிரம் தடவை கேட்ட சத்தம்தான், ஆனால் அம்மாக்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள், ஒரு பையன் கீழே உட்கார்ந்துவிட்டான். நிங் என்னைப் பார்த்த பார்வையில் ஒன்றுமே இல்லை. சத்தம் வெள்ளைக்குள் போனது. பதில் வரவில்லை. அக்கரைத் துறைக்காரர் கையெழுத்துப் போட்டவர், அவருக்கும் பிள்ளைகள் இருக்கும். இன்னும் ஒருமுறை அடித்தேன். லாவ் துவான் என்னைத் தடுக்கவும் இல்லை, என் பக்கம் பார்க்கவும் இல்லை.

மூன்றாவது தடவைக்குப் பிறகு, மிகத் தூரத்தில், இடது கைப்பக்கம், ஒரு ஆள் கத்துகிற குரல் கேட்டது.

ஹாரன் இல்லை. ஒரு பெயர். படகில் இருந்த ஒரு பையனின் பெயர். துறையில் அவனுக்காக ஐந்தரை மணியிலிருந்து காத்திருந்த அவனுடைய மாமா, சுற்றறிக்கையில் வாயைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்று கண்டுபிடித்துக் கத்தினாராம், அப்புறம் தெரிந்துகொண்டேன். பையன் எழுந்து நின்று திரும்பக் கத்தினான். லாவ் துவான் சக்கரத்தைச் சுற்றினார். பிறகு இன்னொரு பெயர் வந்தது, ஒரு பெண்ணின் குரலில், பிறகு நாலைந்து பெயர்கள் ஒன்றாக. சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுவதாக வெளியூர்க்காரர்கள் நினைக்கிற தொண்டை அந்த ஊர்த் தொண்டை, ஆறு மாதமாக நதியின் அகலத்தைத் தாண்டித் தாண்டிப் பேசி அது இன்னும் தடித்திருந்தது. பெயர் வரவர அந்தந்தப் பிள்ளை கம்பியோரம் போய்ப் பதில் கொடுத்தது, அத்தைகளும் சித்தப்பாக்களும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், படகு ஒவ்வொரு பெயராகப் பிடித்துக்கொண்டு கரையை நோக்கி நகர்ந்தது.

நிங்கின் பெயரை யாரும் கூப்பிடவில்லை. அக்கரையில் அவளுக்கு யாரும் இல்லை. அவளுக்காக நிற்க வேண்டியவள் படகில் அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு பெயருக்கும் அவள் தாடை சற்றே மேலே போய்க் கீழே இறங்கியது, முப்பது பெயர், முப்பத்தைந்து. மணி ஒன்பது ஆனது. கிழக்குக் கரையில் பன்னிரண்டாயிரம் பிள்ளைகள் கேள்வித்தாளைத் திருப்பியிருப்பார்கள்.

அப்போது ஒரு மெல்லிய, கறாரான குரல், கத்துவதற்குப் பழகாத குரல், "துவான் நிங்," என்றது. சற்று நிறுத்தி மறுபடி, "துவான் நிங்." கையில் வருகைப் பட்டியலோடு பள்ளி வாசலிலிருந்து துறைக்கு ஓடிவந்திருந்த அவளுடைய வகுப்பாசிரியை, வகுப்பில் கூப்பிடுகிற அதே மாதிரி கூப்பிட்டார்.

"வந்தாச்சு," என்றாள் நிங், தனக்குள் சொல்லிக்கொள்கிற குரலில். பிறகு கம்பி மேல் ஏறி நின்று, முகம் சிவக்க, "வந்தாச்சு டீச்சர்."

ஒன்பது ஆறுக்குப் படகு துறையில் இடித்தது. போக்குவரத்துப் போலீஸார் மோட்டார் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள், பிள்ளைகள் தாவி ஏறினார்கள், நிங் ஓடினாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நானும் ஓடினேன். துறையின் வாசலில் சீருடை போட்ட ஒரு இளைஞன் கையை நீட்டினான்.

"ஆன்ட்டி, ஹாரன் அடிச்சது யாரு?"

"நான்தான்."

"உள்ள வாங்க."

அவன் பெயர் கோங். அறையில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சாலைக்கு அப்பால் பள்ளி வாசல் தெரிகிற ஒரு ஜன்னல். கேட் மூடியிருந்தது. வாசலில் அம்மாக்கள் சிவப்புச் சுவர் மாதிரி நின்றார்கள். ஒன்பது பதிமூன்றுக்குக் கடைசிப் பிள்ளை உள்ளே போனது என்று யாரோ சொல்லக் கேட்டேன், நிங் உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்தாளா என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

கோங் எனக்குச் சுடுதண்ணீர் கொடுத்தான். எல்லாவற்றையும் கேட்டான். ஃபாரத்தை எடுத்துப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தான்.

"நதி அகலமாயிடுச்சு, படகு வழி தெரியாம நின்னுது, அப்படித்தானே ஆன்ட்டி?"

"உனக்குத் தெரியாதா?"

"என் பொண்டாட்டி வீடு அக்கரைல. எனக்குத் தெரியாம இருக்குமா? ஆனா இதுல அகலத்துக்கு நேரா ஆயிரத்து நூறுன்னு அச்சடிச்சே வருது." ஃபாரத்தை என் பக்கம் திருப்பினான். "ஆயிரத்து நூறு மீட்டர்ல ஒரு படகு வழி தவறினா அது ஓட்டினவர் தப்பு. அவரு லைசென்ஸு, பென்ஷன் எல்லாம் போயிடும். இல்லன்னா படகு வழி தவறவே இல்ல, பயணி ஒருத்தர் வேணும்னே ஹாரன் அடிச்சாங்க. ரெண்டு கட்டம்தான் இருக்கு. மூணாவது கட்டம் இல்ல."

"ரெண்டாவதுல போட்டா?"

அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "வெளிநாட்டுக்காரங்க பரிட்சைக்கு இடைஞ்சல் பண்ணினா நாளைக்கு ராத்திரிக்குள்ள கிளம்பணும். அப்புறம் அஞ்சு வருஷம் உள்ள வர முடியாது."

நாளை ராத்திரி விமானத்தைப் பிடிக்க வேண்டுமானால் மேற்குக் கரைக்கு மதியப் படகில் போக வேண்டும், நதி அவ்வளவு அகலம். நிங்கின் கடைசிப் பேப்பர் நாளை சாயங்காலம் ஐந்து மணிக்கு முடியும். நான் ஜன்னலைப் பார்த்தேன். துறையில் லாவ் துவான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, யாராவது கூப்பிடுவார்கள் என்று தூறலில் நின்றுகொண்டிருந்தார். நிங்கோடு பத்து வருடம் இருந்தவர் அவர்.

இரண்டாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். நதியின் அகலம் ஆயிரத்து நூறு மீட்டர் என்பதை ஒப்புக்கொள்கிறேன், எந்தக் காரணமும் இன்றி ஒலி எழுப்பினேன்.

பதினொன்றரைக்கு மணி அடித்தது. நான் ஈரச் சேலையோடு சிவப்பு கவுன்களுக்கு நடுவே இடித்துப் புகுந்து நின்றேன். விஷயம் எனக்கு முன்னாலேயே வாசலுக்கு வந்திருந்தது, அந்த ஊரில் எதுவும் நடந்து வருவதில்லை, ஓடித்தான் வரும். யாரும் என்னைத் திட்டவில்லை. ஹூ அக்கா மட்டும் என் முழங்கையைப் பிடித்துக் காதருகில் சொன்னார், "புள்ள கேட்டா ஒண்ணும் ஆகலன்னு சொல்லு. எழுதி முடிக்கட்டும். நாளைக்குச் சாயங்காலம் நான் பாத்துக்கறேன், அம்மா ஆஸ்பத்திரி போயிருக்கா, கடைக்குப் போயிருக்கா, ஏதாவது சொல்லிக்கறேன். இங்க எல்லாரும் அப்படித்தான் பண்ணுவோம்."

சுற்றி நின்ற அம்மாக்கள் தலையாட்டினார்கள். அவர்கள் சொன்னதில் தவறு இல்லை. இப்போது உண்மையைச் சொல்வது எழுதுகிற பிள்ளையின் கையைப் பிடித்து உலுக்குவது மாதிரிதான்.

பிள்ளைகள் வந்தார்கள். நிங் வந்தாள். எப்படி எழுதினாய் என்று அங்கே கேட்கமாட்டார்கள், நானும் கேட்கவில்லை. பள்ளிக்கூடச் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் பாயை விரித்து ஹூ அக்கா கொடுத்த கிண்ணத்தை நீட்டினேன். அவள் சாப்பாட்டுக் குச்சிகளைப் பிரித்தாள். இரண்டு வாய் சாப்பிட்டாள்.

"போலீஸ் என்ன சொன்னாங்க?"

"எழுதி வாங்கிட்டு விட்டுட்டாங்க."

"அப்பாவ?"

"அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல."

அவள் இன்னொரு வாய் சாப்பிட்டாள். பிறகு, கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்குச் சாயங்காலம் கூட்டம் ரொம்ப இருக்கும். கடைசிப் பேப்பர் முடிஞ்சு வரப்ப நீ எங்க நிப்பன்னு இப்பவே சொல்லிடு. நான் தேடிட்டு இருக்க மாட்டேன்."

பக்கத்துப் பாய்களில் பேச்சு நின்றது. ஹூ அக்கா என்னையே பார்த்தார். அந்த மரத்தடியில் என்று சொல்லியிருக்கலாம். வாசலில் ஒரு மரம் இருந்தது. அவள் மத்தியானம் கணக்குப் பேப்பரை நிம்மதியாக எழுதுவாள், நாளைக்கு இரண்டு பேப்பரை நிம்மதியாக எழுதுவாள், அஞ்சு மணிக்கு அந்த மரத்தடிக்கு வருவாள்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான் நிப்பேன், நிங்," என்றேன். "ஒரு மணிப் படகுல போகணும். அஞ்சு வருஷம் வர முடியாது. ஹாரன் அடிச்சதுக்கு."

யாரோ ஒரு அம்மா உச்சுக் கொட்டினாள். நிங் மெல்லுவதை நிறுத்தினாள். குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் குறுக்காக வைத்தாள். வாழ்க்கை முழுவதையும் எழுதிவைக்கிற இரண்டு நாளில் முதல் நாளின் நடுமதியத்தில் அவளைத் தள்ளிவிட்டேன் என்று நினைத்தேன்.

"காலைப் பேப்பர் பதினொண்ணரைக்கு முடியும்," என்றாள் கடைசியில்.

"தெரியும்."

"அப்ப நான் வெளிய வரப்ப இருப்ப."

"இருப்பேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். போன் திரையில் இல்லாமல், நேராக, ஒரு கணக்கைச் சரிபார்க்கிற மாதிரி, நெடுநேரம். பாக்கலாம் என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டு முடித்து, கிண்ணத்தை என் கையில் கொடுத்து, செருப்பைக் கழற்றிப் பாயின் ஓரத்தில் வைத்தாள்.

"கணக்குப் பேப்பர் மூணு மணிக்கு," என்றாள். "நான் தூங்கப் போறேன். ரெண்டே காலுக்கு எழுப்பி விடு."

என் மடியில் தலையை வைத்து முகத்தைச் சேலைக்குள் திருப்பிக்கொண்டாள், மூச்சு ஒரே நிமிடத்தில் ஆழமானது. சுற்றியிருந்தவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள், பிறகு பேச்சையே நிறுத்தினார்கள். மணி பன்னிரண்டு பத்து. கைக்கடிகாரத்தைக் கழற்றி முழங்காலின் மேல் வைத்தேன், அது ஓடுகிறதா என்று காதில் வைத்துப் பார்த்தேன், ஹூ அக்காவின் போனில் நேரத்தைச் சரிபார்த்தேன், கால் மரத்துப்போக ஆரம்பித்தது, அசையாமல் உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.